ஒற்றை மூடி வண்டி

எங்கள் பழைய வண்டி எப்படிச் செத்தது என்று யார் கேட்டாலும் சொல்ல நான் தயாராக இருந்தேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். அந்த ஜனவரியில் குவார்ட்சைட் பாலைவனத்தில் எங்களைச் சுற்றி நின்ற, வண்டியில் மாட்டி இழுத்துப் போகிற முப்பது நாற்பது டிரெய்லர் வீடுகளில் அந்தக் கதை தெரியாத வீடு ஒன்றுகூடக் கிடையாது.

"பதினோரு வருஷம்," என்று ஆரம்பிப்பேன். "எண்ணெய் மாத்தின தேதி, ஃபில்டர் மாத்தின தேதி, எந்த டயர்ல எவ்ளோ காத்து, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்ச மனுஷன். ஒரு தடவை நான் மூடியைச் சரியா திருகலேன்னு அரை மணி நேரம் பாடம் எடுத்த மனுஷன். அந்த மகானுபாவர் என்ன பண்ணாரு தெரியுமா? டீசல் ஊத்துற வாயில யூரியா தண்ணிய ஊத்திட்டாரு. கொஞ்சநஞ்சமில்ல. ரெண்டரை காலன்!"

கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். டீசல் வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ளூர இருக்கும் பயம் அது. ஒரே தகரக் கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு மூடிகள். பச்சை மூடி டீசலுக்கு. நீல மூடி புகையைச் சுத்தம் செய்யும் யூரியாவுக்கு. மாற்றி ஊற்றினால் பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் போச்சு. பழுது பார்க்கிற செலவுக்கு வேறு வண்டியே வாங்கிவிடலாம்.

என் புருஷன் ஆர்லனும் கூடவே சிரிப்பான். நெருப்பைக் கிளறிக்கொண்டு, "கெழவன் கனவு கண்டுக்கிட்டே ஊத்திட்டேன்," என்பான். அந்தச் சிரிப்பை நான் ஒரு தடவைகூட உற்றுப் பார்க்கவில்லை. அடுத்த ஆள் கிடைப்பானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் எனக்குச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. வண்டி இல்லாவிட்டால் எங்கள் முப்பத்தெட்டு அடி வீடு வெறும் பெட்டி. ஏப்ரல் பதினைந்தோடு அந்த அரசாங்க நிலத்தைக் காலி செய்துவிட வேண்டும். மே மாத நடுவில் ஐடஹோ ஏரிக்கரை முகாமில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோடையும் அங்கே வருகிறவர்களுக்கு இடம் காட்டி, நெருப்புக்குழிச் சாம்பலை அள்ளி, கழிப்பறை கழுவுகிற வேலை எங்களுடையது. நாங்கள் வராவிட்டால் வேறு ஜோடிக்குக் கொடுத்துவிடுவார்கள். கழிப்பறை கழுவுவதற்கு இத்தனை ஏக்கமா என்று கேட்கலாம். அந்த ஏரியில் காலை ஐந்தரைக்கு மூடுபனி எழும்புவதைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ஓஹையோவிலிருந்து எங்கள் மகன் வேட் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வான். "பேஸ்மென்ட் சும்மாதாம்மா கெடக்கு. வீட்ட வித்துட்டு வந்துருங்க." நல்ல பிள்ளை. ஆனால் தரைக்கு அடியில் இருக்கும் அந்த பேஸ்மென்ட்டின் ஜன்னல் கூரையோடு ஒட்டி இருக்கிறது. அதன் வழியாகத் தபால்காரரின் செருப்பு மட்டும் தெரியும். அங்கே போனால் ஆறு மாதத்தில் செத்துவிடுவேன் என்று ஆர்லனிடம் சொன்னேன். அவன் காபிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டான். எழுபது வயதாகிவிட்டது, அலுத்துப்போய்விட்டானோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

வேறு வண்டி தேட ட்ரூடிதான் எங்களை அழைத்துப் போனாள். ட்ரூடி ஊர் ஊராக வேனில் சுற்றி டீசல் எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பவள். நாற்பது வயது, பேச்சு கம்மி, நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. எங்கள் பழைய வண்டியின் டீசலை ஒரு பாட்டிலில் பிடித்து வெயிலில் காட்டிவிட்டு, "அடக்கம் பண்ணிருங்க," என்று மட்டும் சொன்னவள் அவள்தான்.

முதல் வண்டி யூமா நகரத்தில். வெள்ளை. மூன்று வருடம்தான் ஓடியிருந்தது. பின்னால் நாலு டயர். எங்கள் வீட்டின் கழுத்து வண்டியின் பின்னால் திறந்து கிடக்கும் சரக்குத் தொட்டிக்குள் இருக்கும் கொக்கியில் உட்காரும்போது மூவாயிரம் பவுண்டை இறக்கும். கதவோரம் ஒட்டியிருந்த எடைச் சீட்டைப் படித்தேன். அந்த மூவாயிரத்தையும் தாங்கி, எங்கள் இரண்டு பேரையும் என் இரும்பு வாணலிகளையும் தாங்கும் என்று போட்டிருந்தது. பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். முதுகுக்குக் கீழே, இருக்கைக்குள்ளிருந்தே குளிர்காற்று வந்தது. இறங்க மனசே இல்லை.

ஆர்லன் வேனிலிருந்து ஒரு குச்சியை எடுத்து வந்தான். எங்கள் வீட்டுத் துடைப்பத்தின் கட்டை. இரண்டு இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அதைத் தரையில் ஊன்றி, தொட்டியின் பக்கச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, டேப் எங்கே நிற்கிறது என்று விரலால் தடவினான். பிறகு ஓட்டுகிற இருக்கையில் ஏறி, அதை முழுக்க முன்னால் தள்ளினான். ஆறடி மூன்றங்குல மனுஷன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. பிள்ளைகளின் மூன்று சக்கர சைக்கிளில் ஏறினவன் மாதிரி இருந்தான்.

"சீட்டப் பின்னாடி தள்ளத் தெரியலியா?" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம்?"

"சும்மா," என்று சொல்லிவிட்டு இறங்கினான். "தொட்டி உசரம். வேணாம்."

இந்தக் காலத்து வண்டிகளின் தொட்டிச் சுவர் உயரம்தான். மேடு பள்ளத்தில் வீட்டின் கழுத்து அதில் இடித்துவிடும் என்று நம் ஆட்கள் கவலைப்படுவதுண்டு. அதைத்தான் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"வீட்டோட கழுத்த ரெண்டு அங்குலம் ஏத்தி மாட்டுனா தீந்துச்சு! ட்ரூடி, நீயே சொல்லு."

ட்ரூடி வானத்தைப் பார்த்தாள். "அவருக்கு வேணாம்னா வேணாங்க."

ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை அவன். எந்த வண்டியையும் ஓட்டிப் பார்க்கவில்லை. "நீ ஓட்டு, உனக்குத்தான் எஞ்சின் பேசறது புரியும்," என்று ட்ரூடியிடம் சாவியைக் கொடுத்துவிடுவான். ஐம்பது வருடமாக ஸ்டியரிங்கை யாரிடமும் விட்டுக்கொடுக்காதவன்.

இரண்டாவது வண்டிக்கு டீசல் ஃபில்டர் அடிச்சட்டத்தில் இருந்தது. படுத்துக்கொண்டுதான் மாற்ற வேண்டுமாம்.

"பதினோரு வருஷமா படுத்துக்கிட்டுதானே மாத்துன?"

"அதான் வேணாங்கறேன்."

மூன்றாவது வண்டியில் எரிபொருள் கதவைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். "ரெண்டு மூடி," என்றான். "யூரியா கேக்காத வண்டியாப் பாக்கணும்."

"அப்ப பதினஞ்சு இருவது வருஷத்துக் கெழடுதான் கெடைக்கும்," என்றாள் ட்ரூடி.

"பரவால்ல."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வண்டியை விற்கிறவன் பக்கத்தில் நிற்கிறான் என்றுகூடப் பார்க்கவில்லை. "ஒரு தடவ தப்புப் பண்ணிட்டு, உலகத்துல உள்ள எல்லா புது வண்டி மேலயும் பழியப் போடுறியா?" என்று கத்திவிட்டு, விற்கிறவன் பக்கம் திரும்பி ரெண்டரை காலன் கதையை முழுசாகச் சொன்னேன். அவன் சிரித்தான். ஆர்லனும் சிரித்தான். ட்ரூடி மட்டும் சிரிக்காமல் போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியில் அவனிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு வேட் வீட்டுக்குப் போகணும். அதனாலதான் ஒவ்வொரு வண்டியாத் தட்டிக் கழிக்கிற. வாயத் தொறந்து சொல்லிடு."

"நான் எங்கயும் போகப் பாக்கல அம்மிணி," என்றான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தான்.

நாலாவது வண்டி மார்ச் முதல் வாரம் அமைந்தது. மாட்டுத் தீவனமான குதிரைமசால் பயிரிடும் ஹாலிஸ் என்ற விவசாயியுடையது. இரண்டாயிரத்து ஆறாம் வருடத்து வண்டி. பழுப்பு நிறம். இருக்கைத் துணியில் வைக்கோல் வாசனை. பின்னால் நாலு டயர் இருந்தது, அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. ட்ரூடி போனதும் முதலில் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தாள், முன்கூட்டியே சூடாக்கி வைத்து ஏமாற்றுகிறாரா என்று. ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருகச் சொல்லி, பின்னால் வந்த புகையின் நிறத்தைப் பார்த்தாள். ஓடும்போதே எண்ணெய் மூடியைத் திறந்து எவ்வளவு காற்று தள்ளுகிறது என்று பார்த்தாள். கியர் எண்ணெயை முகர்ந்தாள். வண்டிக்கு அடியில் புகுந்து சட்டத்தைச் சுத்தியலால் தட்டினாள். அரை மணி கழித்து எழுந்து, "இது இன்னும் ஒரு லட்சம் மைல் போகும்," என்றாள். மலையிறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பிரேக்கும் ஹாலிஸ் மாட்டி வைத்திருந்தார்.

ஆர்லன் குச்சியை ஊன்றினான். தொட்டிச் சுவர் டேப்புக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. எரிபொருள் கதவைத் திறந்து விரலை விட்டான். ஒரே மூடி. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவன் முகம் மலர்ந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹாலிஸின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டான்.

இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை, ட்ரூடியும் அவனும் புது வண்டியின் தொட்டியில் கொக்கியைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டிப் பத்திரத்தை முன்பெட்டிக்குள் வைக்கப் போனேன். உள்ளே ஒரு புது நோட்டு இருந்தது. மனுஷன் ஆரம்பித்துவிட்டான் என்று பிரித்தேன்.

கொட்டை எழுத்து. தடித்த கறுப்புப் பேனா. ஒரு பக்கத்துக்கு மூன்று வரிதான், அதுவும் மேடு பள்ளமாக. ஆர்லனின் கையெழுத்து கடுகு மாதிரி இருக்கும், ஒரு பக்கத்தில் ஒரு வருடத்தையே அடக்கிவிடுவான். வேறு யாருடைய நோட்டோ என்று நினைத்தேன். முதல் பக்கத்தில் என் பெயரைப் போட்டு 'வெர்னாவின் வண்டி' என்று எழுதியிருந்தது.

அடுத்த பக்கம்: 'டீசல் ஃபில்டர் எஞ்சினுக்கு இடது பக்கம், மேலே. நின்றபடியே கழற்றலாம். பதினைந்தாயிரம் மைலுக்கு ஒரு தடவை.'

அதற்கடுத்தது: 'கொக்கிக் கைப்பிடி தரையில் நின்றாலே எட்டும். ஸ்டூல் போடாதே. மணிக்கட்டை மறக்காதே.' நாலு வருடத்துக்கு முன்னால் ஜன்னல் துடைக்க ஸ்டூலில் ஏறி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவள் நான்.

அதற்கடுத்தது: 'கொக்கியை மாட்டியதும், வீட்டின் முட்டுக்கால்களைத் தூக்குவதற்கு முன் வண்டியை இழுத்துப் பார். ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்.'

வீட்டுக்குள் ஓடி, அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். டிசம்பரில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அக்டோபரில் எழுத்து பெரிசு. செப்டம்பரில் லேசாகப் பெரிசு. ஆகஸ்டில் கடுகு. ஆகஸ்டுக்கும் ஜனவரிக்கும் இடையில் நான் அந்த மேஜையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

துடைப்பக்கட்டை கதவோரம் சாய்ந்திருந்தது. அதை என் பக்கத்தில் ஊன்றி நின்றேன். மேல் டேப் என் தோளுக்கு நேராக நின்றது. கட்டையின் அடியை அக்குளில் வைத்துக் கையை நீட்டினேன். கீழ் டேப் என் நடுவிரல் நுனியில் முடிந்தது.

கட்டையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். என் முகத்தைப் பார்த்ததும் ட்ரூடி ஸ்பானரைக் கீழே வைத்தாள். "காபி இருக்கா? நானே போட்டுக்கறேன்," என்று வீட்டுக்குள் போய்விட்டாள். ஆர்லன் என் பக்கம் திரும்பினான்.

"என் மூஞ்சி தெரியுதா?" என்றேன்.

அவன் கையிலிருந்த துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "காது தெரியுது," என்றான். "ரெண்டும் நல்லாத் தெரியுது. நடுவுலதான் அழுக்குப் பட்ட கண்ணாடி மாதிரி."

"ரெண்டு கண்ணுமா?"

"வலது மோசம். இடது பின்னாடியே வருது. அந்த யூரியா கூத்துக்கு அப்புறம் ட்ரூடி யூமாவுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. ஓரம் கடைசி வரைக்கும் தெரியுமாம். நடுவு திரும்பாதாம். வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாரு."

அன்றைக்கு அவனுக்குப் பச்சை மூடிக்கும் நீல மூடிக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. அதற்கு முன்னால் நவம்பரில் ஐடஹோவிலிருந்து பதினாலாயிரம் பவுண்டு வீட்டை இழுத்துக்கொண்டு ஆயிரம் மைல் வந்திருக்கிறான், நான் பக்கத்தில் சாக்ஸ் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்க. வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேனே மனுஷா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நல்லாத்தான் சொன்ன. 'ரெண்டரை காலன்'னு முடிப்ப பாரு, அங்க எனக்கே சிரிப்பு வரும்."

"பொய்."

"பாதி பொய்," என்று ஒப்புக்கொண்டான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். படி இரண்டு பேருக்குப் போதாது. "சொன்னா நீ உடனே வேட்டுக்கு போன் போட்டிருப்ப. வயோமிங்குக்கு அப்புறம் நீ ஸ்டியரிங்கத் தொட்டதே இல்ல."

வயோமிங்கில் ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு டீசல் பங்க்கில் குறுக்கே திருப்பி, மஞ்சள் தூணில் வீட்டின் பக்கவாட்டை முழு நீளத்துக்குக் கிழித்தவள் நான். இனி ஓட்டச் சொன்னால் செத்துவிடுவேன் என்று அங்கேயே சத்தியம் செய்தேன்.

"பேஸ்மென்ட்டுக்குப் போனாலும் செத்துருவேன்னு சொன்னேன்ல?"

"ஆமா. ஓட்டினாலும் சாவேன்னு சொல்லியிருக்க. எதுல சீக்கிரம்னு சொல்லல. எனக்கு எப்பிடித் தெரியும்?"

அழுதுகொண்டே சிரித்தேன். அவன் சொன்னான்: "மொதல்ல வண்டிய வாங்கிருவோம். கொக்கி, ஃபில்டர், பெடல், எல்லாம் உனக்கு எட்டற மாதிரி வச்சிருவோம். அப்புறம் கேப்போம்னு நெனச்சேன். எட்டலன்னு சாக்குச் சொல்ல முடியாதுல்ல."

"என்னை எப்ப அளந்த?"

"நீ பாத்திரம் கழுவறப்ப பின்னாடி வந்து நின்னேன்ல."

"முத்தம் குடுக்க வந்தியோன்னு நெனச்சேன்."

"அதுவுந்தான் குடுத்தேனே."

வீட்டுக்குள்ளே ட்ரூடி வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். மூக்கை என் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டேன்.

"சரி, கேளு."

"என்னது?"

"கேக்கணும்னு இருந்தியே. கேளு."

அவன் எழுந்து நின்றான். என் காதையோ, அதற்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டு, "வெர்னா, என்னையும் நம்ம வீட்டையும் ஐடஹோவுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றான்.

வயோமிங்கின் அந்தத் தகரச் சத்தம் காதில் கேட்டது. தொட்டிப் பக்கம் போய்ச் சுவருக்கு மேலே கையை நீட்டினேன். கைப்பிடி என் விரலுக்குள் வந்தது. இழுத்தேன். கொக்கி 'டக்' என்று திறந்தது.

"வழியில ஒரு பங்க்கக்கூட விட்டு வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்றேன்.

ஐந்து வாரம் பழகினேன். ஊருக்கு வெளியே கட்டாந்தரையில் ட்ரூடி காலி பெயின்ட் வாளிகளை நிறுத்தி வைப்பாள். முதல் வாரம் எல்லா வாளியையும் அப்பளமாக்கினேன். வீட்டின் பின்பக்கம் எப்போதும் உள்வாங்கித்தான் திரும்பும், அதற்குத் தக்கபடி அகலமாகப் போய் வளைக்க வேண்டும் என்பது மண்டையில் ஏற அத்தனை வாளி தேவைப்பட்டது. பின்னால் எடுக்கும்போது ஆர்லன் வெளியே நின்று கை காட்டுவான். அவனுக்கு ஓரம் நன்றாகத் தெரிந்தது. வீட்டுக்கு நேராகப் பார்க்காமல் எங்கேயோ கள்ளிச்செடியைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் நாலடி! மூணு! நிறுத்துடி!" என்று கத்துவான். அக்கம்பக்கத்தார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு தடவை அழுதேன். ஒரு தடவை சாவியைப் புதரில் எறிந்துவிட்டு, பிறகு நானே மண்டியிட்டுத் தேடி எடுத்தேன்.

எண்ணெயும் நானே மாற்றினேன். நான் திருகிய ஃபில்டரை அவன் விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னொரு கால் திருகு," என்பான். அந்தக் கால் திருகு தேவைப்பட்டுத்தான் இருக்கும்.

ஏப்ரல் பன்னிரண்டு காலை கிளம்பினோம். கைகூப்பாத குறையாக நெவாடா முழுக்க ஓட்டினேன். ஒரு நீண்ட இறக்கத்தில் பின்னாலிருந்து பதினாலாயிரம் பவுண்டு என்னைத் தள்ளியது. உள்ளங்கை வழுக்கியது. ஆர்லன் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டான்.

"எஞ்சின் சுத்து ரெண்டாயிரத்தத் தாண்டுது. பிரேக்க ஒரு அமுக்கு அமுக்கி விடு. புடிச்சுக்கிட்டே இருக்காத. ம், இப்ப எஞ்சின் புடிச்சுக்கும் பாரு."

பிடித்துக்கொண்டது. வண்டி உறுமிக்கொண்டே நிதானமாக இறங்கியது. மீட்டரில் பார்த்தேன், அவன் சொன்ன எண்தான்.

முதல் பங்க்கில் மஞ்சள் தூண்களைச் சுற்றி ஊர்கோலம் மாதிரி அகலமாக வளைத்துக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு கீறல் இல்லை. நான் இறங்குவதற்குள் ஆர்லன் இறங்கி வந்து வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். எரிபொருள் கதவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றான்.

பச்சைக் குழாயை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "ஒரே மூடிதானே. போடு."

விரலால் தடவி மூடியைத் திருகினான், வாயைக் கண்டுபிடித்தான், குழாயைச் செருகினான். முப்பத்திரண்டு காலன், ஒரு சொட்டு சிந்தவில்லை. "இந்த ஒரு வேலையாச்சும் எனக்கு மிச்சம் இருக்கட்டும்னுதான் இந்த வண்டி," என்றான். நான் முன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன், நெடுநேரம் துடைத்தேன்.

ஐடஹோ முகாமில் அந்த வருடம் பக்கத்து இடத்துக்கு ஒரு புது ஜோடி வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் சோள ரொட்டியும் சில்லி என்கிற பீன்ஸ் குழம்பும் வைத்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் எங்கள் பழுப்பு வண்டியைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய வீட்டுக்கு இவ்ளோ பழைய வண்டியா? இதுக்கு முன்னாடி என்ன வச்சிருந்தீங்க? அதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

ஆர்லனின் கரண்டி தட்டில் நின்றது. பிறகு வழக்கமான சிரிப்பைத் தயார் செய்துகொண்டு தலை குனிந்தான்.

"அத ஏன் கேக்கற!" என்றேன். "நான்தான். மூடிய மாத்தித் தொறந்து, டீசல் வாயில யூரியாவ ஊத்திட்டேன். ரெண்டரை காலன்! பதினோரு வருஷமா இந்த மனுஷன் குழந்த மாதிரி வளத்த வண்டி. ஒரு நிமிஷத்துல கொன்னுட்டேன்."

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அவரு ஒண்ணும் சொல்லலியா?" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு வார்த்த சொல்லல," என்றேன். "யார்கிட்டயும் சொல்லிக்கூடச் சிரிக்கல."

ஆர்லன் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டான். தலையைச் சாய்த்து, வழக்கம்போல என் முகத்துக்குப் பக்கத்தில் பார்த்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"பொய் சொன்னா உன் காது செவந்துடுது அம்மிணி. நாப்பத்தஞ்சு வருஷமா மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்ததுல இத நான் கவனிக்கவே இல்ல."